கடன் நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் கடன்.
லிம்பானி: களி இரண்டு, கபெண்டா மீன் ஒரு கிண்ணம்,
பாக்கி முப்பது குவாச்சா.
முவாக்யூசா: தேநீர் நான்கு.
ஷில்லிங்கில் தருவதாகச் சொன்னார்.

நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னாலிருந்து திறந்தால்
கூட்டக் குறிப்பு.
வேறு நோட்டு வாங்கக் காசில்லை என்பது
முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம்.

இடம்: கசும்பலேசா, காங்கோ பக்கம்,
வரிசையில் நாற்பத்திரண்டாவது லாரியின் நிழல்.
தினம் பானையோடு எல்லை தாண்டி வருகிறவள் நான்.
கயிறு பிடிப்பவனுக்குப் போகும்போது ஒரு கிண்ணம்,
திரும்பும்போது ஒரு கிண்ணம்.
நிழல் நகர்ந்தால் கூட்டமும் நகரும்.
வரிசை நகர்ந்தால் கூட்டம் கலையும்.
இரண்டாவது அதிகம் நேர்வதில்லை.

எந்த மொழியில் எழுதுவது என்று மூன்று ஞாயிறு சண்டை.
தீர்மானம் சுவாஹிலியில்,
வசவு அவரவர் மொழியில் என்று முடிவாயிற்று.

நான்காம் ஞாயிறு
லுபும்பாஷியிலிருந்து கபோங்கோ வாத்தியார் வந்தார்.
ஒரே கண்டம், ஒரே கடவுச்சீட்டு, ஒரே நாடாளுமன்றம் என்று
பிரெஞ்சில் அரைமணி பேசினார்.
முத்தாரேக்காரர் செஞ்ஜெராய் எழுந்து,
அந்த நாடாளுமன்றத்தில் கக்கூஸ் உண்டா என்று கேட்டார்.
பதினாறு நாளாகப் புதருக்குப் போய்வருகிறவர்.
சிரித்தோம்.
மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும்
வாத்தியாரும் சிரித்தார்,
பிறகு சிரிப்பதை நிறுத்திக் குறித்துக்கொண்டார்.

அடுத்த பக்கத்தில் எண்ணெய்க் கறை.
அது ஞாயிறு அல்ல, புதன்.
முவாக்யூசா வண்டியிலிருந்து இறங்கவில்லை.
மூன்று நாள் காய்ச்சலை
மாத்திரை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்
ஸ்டீயரிங் மேல் நெற்றி வைத்திருந்தார்.
தூங்குகிறார் என்றுதான் தேநீரை வெளியே வைத்தேன்.

பின்னால் முப்பது டன் செம்பு.
செம்புக்கு ஏழு முத்திரை இருந்தது.
பிணத்துக்கு எட்டாவது வேண்டுமாம்.
அதை வைத்திருப்பவர் விடுமுறையில்.
கம்பெனி வேறு டிரைவரை அனுப்பியது.
சாயங்காலத்துக்குள் லாரி எல்லை தாண்டிப் போயிற்று.
அதை ஓட்டிவந்தவர்
என் பந்தலின் தகரத்துக்குக் கீழே
ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்தார்.

இரவு பத்து மணிக்கு வரிசை நகர்ந்தது.
யாரும் நகரவில்லை.

யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார்.
எனக்கும் தெரியாது.
சாவிகள் என் காலிப் பானையில் விழுந்த சத்தம் தெரியும்.
முதலில் ஒன்று, ரொம்ப நேரம் ஒன்றுமில்லை,
அப்புறம் ஆலங்கட்டி மழை.
ஹாரன் அடிக்கவில்லை.
நாணயம் மாற்றும் இங்கோயே
பிராங்கு, குவாச்சா, டாலர் எல்லாவற்றையும்
ஒரே தொப்பியில் வாங்கினான்,
கமிஷன் எடுக்கவில்லை. அன்று மட்டும்.

பதினொரு மணிநேரம்.
விடுமுறையில் இருந்தவர்
சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டபடி வந்தார்.
எட்டாவது முத்திரை விழுந்தது.
மனுவின் அடியில் எங்கள் கைநாட்டு நூற்றுப் பதினேழு,
மையில்லாததால் பானைக் கரியில்.

இதைத்தான் அன்று நான் சொன்னேன்,
அப்படியே எழுது என்றார் வாத்தியார்.
எழுதவில்லை.
வந்தவர்கள் பெயரை மட்டும் எழுதினேன்.
வராதவர்கள் பெயரையும்.

முவாக்யூசாவின் கடனை அடித்துவிடலாம் என்று
நான் முன்மொழிந்தேன்.
செஞ்ஜெராய் ஒப்பவில்லை.
அடிக்காதே, பங்கு போடு.
நான்கு தேநீரை நூற்றுப் பதினேழால் வகுத்தோம்.
எந்த நாடும் அச்சடிக்காத
ஒரு சல்லி வந்தது.
அதை எப்படிக் கட்டுவது என்பது
ஒத்திவைக்கப்பட்டது.

முன்னாலிருந்து கடனும் பின்னாலிருந்து கூட்டமும்
நெருங்கி வருகின்றன.
நடுவில் ஒன்பது தாள் பாக்கி.
வரும் ஞாயிறு, லிம்பானியின் லாரி நிழல்.
முதல் விஷயம்: கக்கூஸ்.

குறிப்பெடுத்தவள்,
சிலுஃப்யா.