காக்கைச் செலவு

ஸ்டூடியோவின் சரித்திரம் கேட்கிறீர்கள்.
என்னிடம் இருப்பது பேரேடு.

புதுவயல், யுத்தத்தின் நாலாம் வருஷம்.
கடலைக் கிட்டங்கிக்குள்
தென்னங்கீற்றில் அரண்மனை.
ஆர்க் விளக்கு இரண்டு, லண்டன் சரக்கு;
முதுகில் அங்கத்திய ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை,
பாதி தேய்ந்தது.
"அந்தக் கொட்டகையில் இப்போது
பட்டாளத்துச் சர்க்கரை மூட்டையாம்"
என்றார் சவுண்டு மரியசூசை.
முதலாளி வயிரவன் செட்டியார் சிரித்தார்:
"நாம மூட்டைய இறக்கிட்டுல்ல
படத்த ஏத்தியிருக்கோம்."

பதினோராயிரம் அடிக்கு மேல்
பிலிம் தராது சர்க்கார்.
அதில் ஓரடியும் காக்கைக்கு இல்லை.
எனவே பக்கம் முப்பத்தொன்று:
காக்கை விரட்ட, அடைக்கன், தினம் நாலணா.
கவண் ஒன்று, இரண்டணா.
பக்கம் நாற்பது: கவண் நிறுத்தம்.
(தகரக் கூரையில் கல் விழுந்து
ராணி இரண்டு தடவை செத்தாள்.)
நாற்பத்துநாலு: பழைய சோறு,
கண்மாய்க் கரையில் வைக்க.
யோசனை அடைக்கனுடையது.
அன்றிலிருந்து கொட்டகை மேல் அமைதி.

ஒன்றே ஒன்று தப்பி வந்து கத்தியது,
ராணி கண்மூடிய பிறகு.
வெட்ட மறந்துவிட்டார்கள்.
தேவகோட்டையில் ஜனம் அதற்குத்தான் அழுதது.

யுத்தம் முடிந்தது. விளக்குகள் மெட்ராசுக்குப் போயின.
கிட்டங்கியில் மறுபடி கடலை.
கணக்கு முடித்த தேதிக்குப் பின்னும்
பதினெட்டு நாள்
சோற்றுச் செலவு எழுதியிருக்கிறது.
ஆடிட்டர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்.

கையெழுத்து என்னுடையதுதான்.
ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கும்,
வரிசையாக.
அதுகளுக்கு யார் போய்ச் சொல்வது?