காயில் கட்டுகிறவன்

எரிந்த மோட்டாரை மூக்கால் படிப்பேன்.
வோல்டேஜ் குறைந்து வெந்ததென்றால்
மூன்று பேஸிலும் ஒரே கருக்கல்.
ஒரு பேஸ் அறுந்து ஓடியிருந்தால்
ஒரு பக்கம் மட்டும் தப்பியிருக்கும்.
தண்ணீரில்லாமல் வெறுமே சுற்றியதென்றால்
ஷாஃப்ட்டில் நீலம் பாய்ந்திருக்கும்.

இந்தக் கோடையில் நீலம்தான் அதிகம்.

முன்னூறு அடியில் ஐந்து குதிரை போதும்.
நானூற்று அறுபதில் ஏழரை.
இப்போது செம்புறாங்கல் தாண்டிக் கரும்பாறைக்குள்
பதினைந்து குதிரை பூட்டுகிறார்கள்.
பூட்டப் பூட்ட
முன்னால் ஓடுகிறது தண்ணீர்.

புதுவயலுக்கு மேற்கே எங்கள் பட்டறை.
உமி எரித்து நெல் அவிக்கிற மில் அடுத்த மனை.
வார்னிஷ் காய்வதற்குள் சாக்கு போட்டு மூடாவிட்டால்
செம்புக் கம்பியெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.
நெல் ஊறிய தண்ணீர்
மூன்று நாள் புளித்துக் கண்மாய்க்குப் போகும்.
மீன் இல்லை அங்கே.
கொக்கு மட்டும் வருகிறது, ஏனென்று தெரியவில்லை.

போன செவ்வாய் மில் பிட்டர் வயிரவன்
ஒரு மோட்டாரை இறக்கினான்.
கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ண
மானியத்தில் வாங்கிய காற்றூதி.
"சுத்த மாட்டேங்குதுண்ணே. வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு."

திறந்தேன்.
கட்டிய நாளின் நிறத்தில் இருந்தது செம்பு.
விசிறிக்குள் குளவிக் கூடு,
செம்மண்ணில் மூன்று அறை.
"இதை எப்பவாவது ஓட்டினீங்களா?"
"கரண்டு பில்லை யாரு கட்டுறது?"
அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.
பேரேடு எழுதத் தெரியாத வீடில்லை இந்தச் சீமையில்.
கண்மாய்க்கு மட்டும் யாரும்
ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் கூட்டை நெம்பினேன்.
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு வரை
ஊதியது காற்றூதி.
குப்பியில் பிடித்த தண்ணீர் தெளிந்திருந்ததாம்.
அந்த நாலு மணி நேரமும்
எங்கள் லைனில் பல்பு மஞ்சளித்துக் கிடந்தது.
மின்விசிறி இறக்கைகளை
ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் குருந்தாயி வந்தாள்,
ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவள்.
ஆட்டோவிலிருந்து இறக்கிச்
சாக்கைப் பிரிக்குமுன்பே வாசனை வந்துவிட்டது.
மூன்று பேஸிலும்.

"எவ்வளவு ஆகும்?"
"நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது."
"போன தடவை நாலாயிரத்து எண்ணூறு சொன்னியே?"
கணக்குதான், என்றேன்.

அவள் போனபின்
கை கழுவக் குழாயைத் திருகினேன்.

காற்று வந்தது.