ஓர் ஆளால் ஆகாது

டெல்டா என்றால் சமதரை என்று
வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.
கோரையாற்றுக் கரையிறக்கத்தில்
பத்தடிக்குப் பத்தடி இடம்,
ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும்
ஒரு சாண் நாலு விரல் வித்தியாசம்.
நடுவில் நண்டு வளை மூன்று.

கொள்முதல் நிலையத்தில்
எங்கள் டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
நேற்று வரை எடை போட்டது எழுபத்தெட்டு.
லாரி வரவில்லை, சாக்கு வரவில்லை,
தை மாசம் வரக்கூடாத மழை மட்டும்
சொன்ன நாளுக்கு வந்துவிடும்.
போன வருஷம் அடிவரிசை மூட்டைகள்
தைத்த வாய் தைத்தபடி முளைவிட்டிருந்தன.
சணல் கண்ணி வழியே பச்சை ஊசிகள்.
பிரித்துப் பார்க்க மனம் வராமல்
மாட்டுக்கு முன்னால் உருட்டிவிட்டோம்.

அதனால் இந்த வருஷம் ஒரு மேடை,
முழங்கால் உயரத்தில், மண்ணில் படாமல்.
வண்டி வந்து நிற்கிற இடம் இது ஒன்றுதான்.
சென்ட்ரிங் பலகை எங்களிடம் இருந்தது.
சவுக்குக் கால்கள் என் அண்ணனிடம் இருந்தன.
என் வீட்டுக்காரரும் என் அண்ணனும்
பேசி ஒரு வருஷம் நாலு மாசம்.

மடைத் தகராறு. வேறென்ன.
"உன் வயல் மேடு, தண்ணி ஏறலேன்னா
நான் என்ன பண்ண" என்றான் கலியபெருமாள்.
"மேடுமில்ல மண்ணுமில்ல,
மடைவாயில ஒரு கல்லு கூட வச்சிருக்க" என்றார் இவர்.
பஞ்சாயத்தில் நாலு பேர் வந்து
கண்ணை இடுக்கி அளந்தார்கள்.
நாலு பேருக்கும் நாலு மட்டம்.

கொத்தனார் ஞானப்பிரகாசம் தான் வராமல்
டியூப் லெவலை மட்டும் கொடுத்தனுப்பினார்.
நாற்பதடி வெள்ளைக் குழாய்.
ஒரு செம்புத் தண்ணீர் போதும்,
இதற்கு மேட்டூரைக் கேட்கவேண்டியதில்லை.
குமிழைத் தட்டித் தட்டி வெளியேற்றினேன்.
ஒரு நுனி இவர் கையில், ஒரு நுனி அவன் கையில்,
குழாய் மடங்காமல் நடுவில் நான்.

இரண்டு கட்டைவிரலும்
ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும்.
ஒருவர் மட்டும் எடுத்தால்
தண்ணீர் நிற்கிற இடம் பொய்.
முதலில் என் வழியாகத்தான் பேச்சு.
"எடுக்கச் சொல்லு."
"எடுத்தாச்சுன்னு சொல்லு."
மூன்றாவது காலில்
நான் கொசு அடிக்கக் குனிந்த நேரம்
நேராகவே வந்துவிட்டது.
"ஏத்து."
"இன்னும்."
"ஒரு நூல் இறக்கு."
"நிக்குது."
அதற்கு மேல் ஒரு சொல் செலவாகவில்லை.
டீ வேண்டும் என்பதைக்கூட
இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள்.

ஒன்பது கால், ஒன்பது நீளம்.
பள்ளத்தில் நிற்பது நெட்டை, மேட்டில் நிற்பது குட்டை,
தலைகள் மட்டும் ஒரே கோட்டில்.
பலகை அடித்து முடிந்ததும்
எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் போகலாம் என்று
யோசிப்பதுபோல் இருந்துவிட்டு
இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் மூட்டை முப்பத்தாறு, அண்ணனுடையது இருபத்தெட்டு.
கரிக்கோடு போட்டது எங்களது.
பாதி அடுக்கும்போதே
நண்டு வளை மேல் நின்ற கால்
இரண்டு விரல் இறங்கியது.
இவர் பலகையைத் தோளால் நெம்பிப் பிடிக்க
அவன் ஓட்டுச்சில்லைச் செருகினான்.
பிறகு அவரவர் சைக்கிளில் அவரவர்.

விடியலில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன்.
மேலே குளமாக மழைத்தண்ணீர்,
உள்ளே காய்ச்சல் குறையாத நெல்.
குழாயைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று
கொட்டகைக்குப் போனேன்.
சாயங்காலம் துடைத்துச் சுருட்டி
ஆணியில் மாட்டியது நான்தான்.
இப்போது அதன் நடுப்பகுதி முழுக்க
வாய்க்கால் சேறு.
நுனி இரண்டும் சுத்தம்.

மடைக்குப் போய்ப் பார்த்தேன்.
சிமெண்டுக் கட்டையில் ஆணியால் கீறிய ஒரு கோடு.
எங்கள் வரப்பில் புதிதாக நட்ட மூங்கிலில்
அரிவாள் வெட்டு ஒன்று.
யார் சொன்னது சரி என்று
இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.
நான் சொல்லமாட்டேன்.

அந்தக் குழாயை ஓர் ஆளால் பிடிக்கமுடியாது.
நடுவில் பிடிக்க
என்னைக் கூப்பிடவும் இல்லை.