கடிகாரப் பொத்தான்

நீங்கள் அவன் ஆட்டத்தைப் பார்த்தீர்கள்.
நான் அவன் நேரத்தைப் பார்த்தேன்.
பனெவேஜிஸ் அரங்கில், ஓரமேசையில்,
பதினோரு பருவமாகக்
கடிகாரப் பொத்தானில் என் கட்டைவிரல்.

எங்கள் லிதுவேனியாவில்
மாட்டுத்தொழுவச் சுவரிலும் ஒரு வளையம் தொங்கும்;
நெடுநெடுவென்று வளர்ந்தவனுக்கு
வேறு வேலை யாரும் யோசிப்பதில்லை.

மாந்த்வீதாஸ். இரண்டு மீட்டர் ஏழு.
முதல் ஆண்டு ஆட்டத்துக்கு முப்பத்தொரு நிமிடம்.
அப்புறம் முழங்கால்.
அப்புறம் போலந்தில் ஒரு கிளப், நான்கு மாதச் சம்பளம் பாக்கி;
ஹங்கேரியில் ஒன்று, அதுவும் கடையைக் கட்டியது.
திரும்பி வந்தபோது ஒன்பது நிமிடம்.
பிறகு நாலரை.

ஒவ்வொரு விசிலுக்கும்
தோளில் கிடக்கும் துண்டை உருவுவான்.
பயிற்சியாளர் வேறு பெயர் சொல்வார்.
திரும்பப் போர்த்திக்கொள்வான்,
குளிர் என்பதுபோல.

ஒரு பிப்ரவரி இரவு, உத்தேனாவோடு.
ஒரு புள்ளி பின்தங்கல். மிச்சம் முக்கால் நொடிகூட இல்லை.
மூன்று பேர் ஐந்தாம் தவறோடு வெளியேறியிருந்தார்கள்;
வேறு வழியில்லாமல் அவனை இறக்கினார்கள்.

பந்து அவன் கையைத் தொட்டதும்
நான் அழுத்த வேண்டும்.
அழுத்தினேன்,
கொஞ்சம் பிந்தி.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
அரை மாத்திரை இருக்கும்.

பந்து வளையத்தின்மேல் ஏறியது,
ஏதோ யோசித்தது,
வெளியே விழுந்தது.

இப்போது பால் வண்டி ஓட்டுகிறான்,
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வெல்டு வைத்து.
நேற்று எங்கள் தெருமுனை சிக்னலில்
பச்சை விழுந்தும் நகராமல் நின்றான்.
பின்னால் என் கார்.

நான் ஹாரன் அடிக்கவில்லை.