ஆறுக்கு மேல் இல்லை

முஸஃபா, நாலாவது மாடி, வெள்ளி இரவு.
தண்ணீர்ப் பெட்டி அட்டையைக் கிழித்து
ஜெரால்டு எழுதி ஒட்டினான்:
ஆறாம் நிலைக்கு மேல் எவனும் ஏறக்கூடாது.

நூருல் அமீன் கத்தினான்.
இன்னும் ஒரு படி, அவன் மந்திரவாதிக்கு நெருப்பு மழை.
"கம்பெனியிலதான் கிரேடு ஏறல, இங்கயுமா?"
ஜெரால்டு ஏசி வாளியை மாற்றப் போனான்.

போன மாதம் டிராகன்
மூன்றே உருட்டலில் செத்தது.
யாருக்கும் வேர்க்கவில்லை.
இருபத்தெட்டு நாள் கழித்து
ரிக்கிலிருந்து வந்த தொம்மை
மூன்றாம் நிலை வில்லாளியை மடியில் வைத்துக்கொண்டு
வேடிக்கை பார்த்தான்,
அப்புறம் எழுந்துபோய் டீ போட்டான்.

இன்று அவனும் ஆறு.
குகை வாசலில் இன்னொரு டிராகன்.
பகடை பாயைத் தாண்டி
கட்டிலடியில் ஓடியது.
செல்போன் வெளிச்சத்தோடு
எல்லோரும் குப்புறப் படுத்தோம்.

நூருல்தான் முதலில் பார்த்தான்.
"ரெண்டுடா" என்றான்,
தொண்டை அடைத்து,
சிரித்துக்கொண்டே.