வெட்டித் திருத்திய இடம்

ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனையில் கூப்பிடுகிறார்கள்:
"மிஸ்ஸஸ் ஆஸ்கன்ராய்ட்."
எழுந்து நிற்கிறேன்.
அழைத்தவளின் பார்வை என்னைத் தாண்டிப் போய்
சன்னலோரத்து வெள்ளைக்காரியிடம் நிற்கிறது.
அவளோ பத்திரிகையில் பூசணிக்காய்ப் படம் பார்க்கிறாள்.
பதினாறு வருடமாக இப்படித்தான்.
என் பெயர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.
நான் பின்னால் போய் விளக்கம் சொல்கிறேன்.

ஆஸ்கன் என்றால் ஆஷ் மரங்கள்;
நம் மொழியில் அந்த மரத்துக்குப் பெயர் இல்லை.
ராய்ட் என்றால் காட்டை வெட்டிக்
கல் பொறுக்கி உழவுக்கு எடுத்த நிலம்.
கல்யாணத்துக்கு முந்தின வாரம் நெவில் சொன்னான்.
அவன் குலத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவே.
இப்போது லீட்ஸில் இருக்கிறான், வேறொருத்தியோடு.
பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை.
பாஸ்போர்ட் மாற்றச் செலவாகுமே என்று
நானும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் வேக்ஃபீல்ட் ஆவணக் காப்பகம்.
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தருவார்கள்.
ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பதின்
தலைவரிப் பட்டியலில் ஒரு வரி:
அஸ்கன்ரோட் ஆடம், அவன் மனைவி, நாலு பென்ஸ்.
மனைவிக்குப் பெயர் இல்லை.

பிறகு வந்த பாதிரிகளுக்குக்
காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.
ஹாஸ்கின்ராட். அஸ்கெனரைட். ஆஸ்க்ராட்.
ஞானஸ்நானத்தில் ஒருவனாக நனைந்தவன்
மண்ணுக்குள் வேறொருவனாகப் போனான்.
சிரிப்பு வந்தது.
குழலி என்கிற என்னை இந்த ஊர்
குலாலி என்று எழுதியிருக்கிறது, குசாலி என்று எழுதியிருக்கிறது,
ஒரு தடவை சம்பளச் சீட்டில்
கூலி என்றே எழுதியிருக்கிறது.
அப்போது சிரிப்பு வரவில்லை.

கம்பளி மூட்டையோடு ஒருவன் லங்காஷயர் போனான்.
காயப்போட்ட துணியைத் திருடி
ஏழு வருடத் தண்டனையில் டாஸ்மேனியா போனான் ஒருவன்.
இன்னொருவன் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் கணக்கன்;
காய்ச்சலில் செத்தான், கல்யாணம் இல்லை.
ஆனால் கிங்ஸ்டன் தொலைபேசிப் புத்தகத்தில்
ஐம்பத்து மூன்று ஆஸ்கன்ராய்ட்.

எப்படி என்று டெல்ரீட்டாவைக் கேட்டேன்.
ஹடர்ஸ்ஃபீல்டில் பேருந்து ஓட்டுகிறவள்.
"விடுதலைக்குப் பிறகு பெயர் எழுத வந்தார்கள்.
எங்கள் ஆள் வாய் திறக்கவில்லை,
சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான்.
சூட்டுத் தழும்பில் என்ன எழுத்து இருந்ததோ
அதிலிருந்து விரித்து எழுதிக்கொண்டார்கள்."
இதைச் சொன்னபோது அவள்
சிப்ஸுக்கு வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஹோபார்ட்டிலிருந்து வெண்டல் வந்தான்.
கையில் எச்சில் பரிசோதனை முடிவு.
ஆடமின் ரத்தம் ஒரு சொட்டும் இல்லையாம்;
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றில்
நடுவே யாரோ புகுந்திருக்கிறான்.
"தச்சனாக இருக்கலாம்," என்றான், "எனக்கு மர வேலை வரும்."

மூன்று பேரும் ஹெப்டன் பிரிட்ஜில் இறங்கி
மேட்டில் ஒரு மணி நேரம் ஏறினோம்.
மழையா பனியா என்று தீர்மானிக்காத ஈரம்.
கல்சுவர், கேட், முப்பது ஆடு.
மூலையில் நான்கு ஆஷ் மரங்கள், நோய் கண்டு,
வெட்டுவதற்குச் சிவப்புப் புள்ளி வைக்கப்பட்டு.
நிலத்தின் பாதியைக் கோரை திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரன் வந்தான்.
யாரைத் தேடுகிறீர்கள் என்றான்.
வெண்டல் சொன்னான். அவன் தலையாட்டினான்.
"அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை,
என் தாத்தன் காலத்திலும் இல்லை."
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்,
யாரும் திருத்தவில்லை.

டெல்ரீட்டா குனிந்தாள்.
காலில் இடறிய கல்லைப் பெயர்த்துச்
சுவருக்கு மேல் வைத்தாள்.
இன்னொன்று. வெண்டலும் ஒன்று.
எனக்கு அந்தப் பெயரில்லாதவள் நினைவு.
ஆடம் மரத்தை வெட்டியிருப்பான்.
கல் பொறுக்கியவள் அவளாகத்தான் இருக்கும்,
எந்த ஊரிலிருந்து வந்து வாழ்க்கைப்பட்டாளோ.
நாலு பென்ஸில் இரண்டு அவளுடையது.

என் கைக்கு அகப்பட்ட கல்
நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.
இரண்டு கையாலும் தூக்கினேன்.