பெரட்டுக்கு வராதவன்

ஊத்தான் மெலிந்தாங்கில்
செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் விழும், சீட்டுக் கிழிப்பேன்.
இரண்டு லாரிக்கு நடுவே
முங்கிப்போன கப்பல் ஒன்றைத் தேடுகிறேன்.

"கப்பலுக்கு எத்தனை டன்னு கழிப்ப, குஞ்சரி?"
டிரைவர் சகாதேவன் தினமும் கேட்கிறார்.
தினமும் அவரே சிரித்துக்கொள்கிறார்.

கப்பல் இருக்கிறது.
நீர் நன்றாக வற்றும் நாளில்
பேராக் ஆற்றுவாய்ச் சேற்றில்
ஏழு இரும்பு விலாக்கள் தெரியும்.
கெராங் பொறுக்குகிறவர்கள்
அதில்தான் படகைக் கட்டுவார்கள்.
பெயர் லோர்னா. ஏற்றியது நிலக்கரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, செப்டம்பர்.
மிச்சத்தை, ஈப்போவில் நான் புரட்டிய
மக்கிய நாளிதழ் நான்கு வரியில் முடித்துவிட்டது:
சுமத்ராக் காற்று. மணல்திட்டு.
பதினொரு பேர் பிழைத்தார்கள்.
உள்ளூர் மீனவர் உதவினர்.

கேப்டனின் பெயருக்கு முழுசாக ஒரு வரி.
அவருடைய நாய்க்கும் பெயர் இருந்தது.

உள்ளூர் மீனவருக்குப் பெயர் தேட
எட்டு மாதம் ஆயிற்று.
கிடைத்தது ஒரு மனு. ஜாவி எழுத்து.
தையல்கடை ரொஸ்னா
வாயில் குண்டூசியைக் கடித்தபடி
எனக்கு வாசித்துச் சொன்னாள்:

'வலை போட்டிருந்தோம். அலறல் கேட்டது.
இழுத்து ஏற்ற நேரமில்லை, அறுத்துவிட்டோம்.
வலை பதினான்கு வெள்ளி. தயவு செய்யவும்.'

கீழே, துரையின் ஆபீசிலிருந்து
பென்சிலில் ஒரு பதில்:
அறுக்கச் சொன்னது யார்?

குண்டூசியை எடுத்துவிட்டு
ரொஸ்னா ஒரு வார்த்தை சொன்னாள்.
அதை இங்கே எழுத முடியாது.

கையெழுத்து மூன்று.
குலோப் அகமட்.
தான் கிம் சுவீ, சீனத்தில், தூரிகையால்.
மூன்றாவது, வெறும் கட்டைவிரல்.
பக்கத்தில் மனு எழுதியவர் சேர்த்திருக்கிறார்:
'தமிழன். பெயர் சொல்ல மறுக்கிறான்.'

உயிரைக் காப்பாற்றியவன்
ஏன் ஒளிய வேண்டும்?

ஆலைக் கிடங்கில், உரமூட்டைக்குப் பின்னால்
பழைய தென்னந்தோட்டத்துச் செக்ரோல்.
கரையான் ஓரத்தைத் தின்று
நடுவை எனக்கு விட்டு வைத்திருந்தது.
எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஜூலையில் ஒருநாள்
பெரட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை.
அன்று முதல் தினம் ஒரு கோடு.
பிறகு கிராணியின் சிவப்பு மை: ஓட்டம்.
கப்பல் கடன் பாக்கி பதினொரு வெள்ளி.
பிடித்துக் கொடுப்பவருக்கு இனாம் ஐந்து.

அந்த ஐந்து வெள்ளி
குலோப்புக்கும் தெரிந்திருக்கும், கிம் சுவீக்கும்.
ஒரே படகில் மூன்று பேர்.
வலையும் போய்விட்டிருந்தது.

இவன்தான் அவன் என்பதற்குச்
சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை.
செக்ரோலில் ரேகை கிடையாது, கோடுதான்.
ஒருவேளை என் ஆசை
இரண்டு தாளையும் பசை போட்டு ஒட்டுகிறது.
எடைமேடைக்காரி நான்,
பத்துக் கிலோ வித்தியாசத்துக்கே
லாரியைத் திரும்ப ஏற்றச் சொல்கிறவள்.
இதில் மட்டும்
முள் ஆடி நிற்பதற்குள் சீட்டைக் கிழித்துவிட்டேன்.

துறையடியில் பலகை வைக்கப் போகிறார்களாம்.
மாவட்ட ஆபீசிலிருந்து கமலேஸ்வரி கூப்பிட்டாள்.
இரண்டு பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
"மூணாவது?"

இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே
ஒரு பெயர் இருக்கிறது.
அழகான பெயர். ஊர்ச்சாமியின் பெயர்.
நாக்கு வரைக்கும் வந்தது.
பிடிக்க ஆளில்லை இப்போது,
கடன் கொடுத்த தோட்டமும் இல்லை.
ஆனாலும் அவன் மறுத்திருக்கிறான்.
பதினொரு பேரைக் கரையேற்றிய கை
ஈரம் காயாமலே
மையில் விரலை அமுக்கி, வாயை மூடிக்கொண்டது.

வெளியே சகாதேவன் ஹார்ன் அடித்தார்.
"ஹலோ, இருக்கீங்களா?
மூணாவது ஆள் பேரு?"

"வரல," என்றேன்.
"இன்னிக்கும் வரல. கோடு போட்டுக்குங்க."